ரசிகர்களாய் இருந்தது போதும், உறுப்பினர்களாய் வாருங்கள்!

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தி.நகரிலும் அடையாறிலும், சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் செய்திக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன்.

செய்தி வந்துவிட்டது. இந்தியன் சூப்பர் லீக் பிப்ரவரி 14 அன்று தொடங்கும், 14 அணிகளும் ஆடும் என்று ஜனவரி 6ஆம் தேதி ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படிப் பொங்கின என்று எல்லோருக்கும் தெரியும். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் கொண்டாடிவிட்டுப் படுத்துத் தூங்கினோம் என்றால், அடுத்த முறை எழுந்து பார்க்கும்போது நமக்கு ஒரு கிளப் இருக்காது. மிகைப்படுத்தவில்லை. இந்த ஊரிலேயே அப்படி நடந்திருக்கிறது.

முதலில், கடந்த ஆண்டு நடந்ததை வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸிடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான் 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது, கூடவே நம் சென்னையின் எஃப்.சி.யும் வந்தது. ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8. அது 15 ஆண்டுக்கு முன்பே காகிதத்தில் எழுதிய தேதி. ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது, தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் போட முடியாத நிலை. லீக்கை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் ஜூலை 11 அன்று பருவத்தை நிறுத்திவைப்பதாக எழுதிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. அதை அடுத்து நம் கிளப்பும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது.

செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் சம்மேளனம் வணிக உரிமைகளுக்கு டெண்டர் விட்டது. நவம்பரில் பெட்டியைத் திறந்தபோது ஒரு விண்ணப்பம்கூட இல்லை. டிசம்பர் 8 வந்தது, போனது. ஜனவரி 2ஆம் தேதி சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் எல்லோரும் ஒரு காணொளியில் தோன்றி, இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் வேண்டினார்கள். நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் வெளிநாட்டு அமைப்பிடம் கையேந்த வேண்டிய நிலை! அந்தக் காணொளியை முழுதாகப் பார்க்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்கள் நம்மில் பலர் உண்டு.

இதில் எந்தக் கட்டத்திலாவது நம்மை யாராவது கேட்டார்களா? கிளப்பின் கதவை மூடுவதா, திறந்து வைப்பதா என்று பேசிய எந்த மேசையிலும் ரசிகர்களுக்கு நாற்காலி இல்லை. அபிஷேக் பச்சனும் விட்டா தானியும் தோனியும் 2014 முதல் இந்தக் கிளப்பில் பணம் போட்டிருக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. லீக்கே இல்லாதபோது எந்த முதலாளியும் எத்தனை மாதம் தாங்குவார் என்பதும் புரிகிறது. என் கேள்வி வேறு. பத்தாண்டுக்கு மேல் தொண்டை கிழியக் கத்திய நாம், கிளப் தள்ளாடியபோது பத்திரிகை அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொண்டோமே, அந்த நிலையை எப்போது மாற்றப் போகிறோம்?

செயல்பாடுகள் நிறுத்தம் என்ற இரண்டு சொல்லுக்குள் எத்தனை பேர் வாழ்க்கை இருக்கிறது என்று யோசியுங்கள். பெயர் தெரிந்த வீரர்களுக்கு ஏஜென்ட் இருக்கிறார், வேறு கிளப் கூப்பிடும். எந்தக் கிளப்பிலும் பயிற்சி முடிந்ததும் முப்பது செட் துணியை அள்ளிக்கொண்டு போய்த் துவைத்து, நம்பர் வாரியாக மடித்து வைப்பவர் இருக்கிறார். பூட்டுக்கு ஸ்டட் மாற்றிக் கொடுப்பவர், ஐஸ் பெட்டி தூக்குபவர், புல்லுக்குத் தண்ணீர் விடுபவர், சின்னப் பையன்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் இளம் கோச் இருக்கிறார். ஒரு பருவம் நின்றால் முதலில் ஆட்டம் காண்பது இவர்கள் வீட்டு அடுப்பு. வாடகை தேதி நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்காது.

கஷ்டம் நம் கிளப்புக்குப் புதிதில்லை, தோழர்களே. 2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். அடையாற்றில் வெள்ளம் வந்து கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கிய அந்த வாரம், மின்சாரம் இல்லை, போன் இல்லை. பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, தொடர்ந்து வென்று அரையிறுதிக்கு வந்திருந்தது. ஆனால் அரையிறுதியை இங்கே நடத்த ஊர் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. நம் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேயில் ஆடினார்கள். அங்கே அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20, கோவா, ஃபட்டோர்டா மைதானம்: 87ஆவது நிமிடத்தில் எஃப்.சி. கோவா 2-1 என்று முந்தியது. 90ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டுப் பந்து உள்ளே போய் 2-2. இன்ஜுரி டைமில் மென்டோசா அடித்து 3-2! வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளிக்கொண்டிருந்த ஊருக்கு பயிற்சியாளர் மார்கோ மடெராஸியின் பையன்கள் ஒரு கோப்பையைக் கொண்டுவந்தார்கள். பிறகு 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி.யை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி அடித்த கோலுக்கு மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் பதில் சொன்ன இரவு அது.

இத்தனையும் சாதித்த கிளப்புக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவர்கள், அருள்கூர்ந்து சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதையைக் கேளுங்கள்.

அது நம்மைவிட மூத்தது. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கி, சென்னை லீக்கின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, 2016-17இல் ஐ-லீக்குக்குப் போனது. அடுத்த ஆண்டே கோயம்புத்தூர் நேரு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில். நாம் அப்போது என்ன செய்தோம்? ஐ.எஸ்.எல். பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி, ஐ-லீக் கோப்பையை அவர்கள் வாங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கோப்பை. பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். நம்மூர்ப் பையன் எட்வின் சிட்னி வன்ஸ்பால் நடுக்களத்தில் நின்று ஆடினார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் வந்து 26 விழுக்காடு பங்கு வாங்கியது. ஐரோப்பியப் பணம் வந்துவிட்டது, இனிமேல் கவலை இல்லை என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. கோப்பை வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

75 ஆண்டு வரலாறு பட்டியலிலிருந்து காணாமல் போனபோது தெருவில் இறங்கியவர் எத்தனை பேர்? கையெழுத்து வாங்கியவர் எத்தனை பேர்? அந்தக் கிளப்புக்கு ரசிகர்கள் இருந்தார்கள். பதிவு செய்த உறுப்பினர் அமைப்பு ஒன்று இருந்து, அதன் கையில் கொஞ்சம் பணமும் கணக்கும் இருந்திருந்தால், நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரையாவது சென்னை லீக்கில் உயிரோடு வைத்திருக்கலாம். அதைச் செய்ய ஆள் இல்லை. சொந்த ஊரில் கவனிப்பாரற்றுப் போன அந்தச் சாம்பியனை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நாடு முழுக்க இதே கதைதான். 1997இல் தொடங்கிய எஃப்.சி. கொச்சின் அதே ஆண்டு டூரண்ட் கோப்பையைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தது. ஐந்தே ஆண்டில் இழுத்து மூடினார்கள். 2005-06 தேசிய லீக்கை வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைந்தது. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. 2011இல் போனது. அந்த லீக்கின் தொடக்க ஆண்டுகளில் நம் ஊருக்காக ஆடிய இந்தியன் வங்கி அணியைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் கவுன்டரில் உட்கார்ந்து, மாலையில் மைதானத்தில் ஓடியவர்களின் காலம் அது. வங்கியும் ரயில்வேயும் ஐ.சி.எஃப்.பும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து வளர்த்த ஆட்டம் இந்த ஊர்க் கால்பந்து. வேலைக்கு ஆள் எடுப்பது குறைந்தபோது அணிகளும் சுருங்கின. ஒரு முதலாளி, ஒரு நிறுவனம், ஒரு துறை என்று ஒற்றைத் தூணில் நிற்கிற எதுவும் அந்தத் தூணோடு சேர்ந்துதான் விழும்.

இப்போது நம் பேட்டைக்கு வருவோம். மார்கழி சீசன் முடிந்த கையோடு இதை எழுதுவதில் ஒரு காரணம் உண்டு. மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா 1929இல் தொடங்கியது. 1927 காங்கிரஸ் மாநாட்டின்போது பிறந்த யோசனை, அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி ஆனது. இந்தச் சபாக்களுக்கும் கஷ்ட காலம் வந்திருக்கிறது, புரவலர்கள் வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். ஆனால் சந்தா கட்டும் உறுப்பினர் இருந்தார், ஆண்டுப் பொதுக்கூட்டம் இருந்தது, செயலாளரை எழுப்பிக் கேள்வி கேட்கும் மாமா ஒருவர் எப்போதும் முன்வரிசையில் இருந்தார். அதனால்தான் நூறாண்டை நெருங்கியும் கச்சேரி நடக்கிறது. இன்னும் பின்னால் போங்கள். 1872இல் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் தங்கள் சேமிப்பை ஒரு பொதுக் கணக்கில் போட்டுத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்ட நிதி. 150 ஆண்டு தாண்டியும் இருக்கிறது.

பணத்தைச் சேர்த்து, கணக்கு எழுதி, ஒரு நிறுவனத்தைத் தலைமுறை தாண்டி நடத்துவது எப்படி என்று தென்சென்னைக்கு வெளியூர்க்காரர் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கைப்பழக்கத்தைக் கால்பந்துக்குக் கொண்டுவந்து, ரசிகர்களுக்கென்று ஓர் உறுப்பினர் சங்கம் தொடங்கத்தான் கூப்பிடுகிறேன்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு பெர்லினைக் காட்டுகிறேன். யூனியன் பெர்லின் என்ற கிளப் 2004இல் உரிமம் வாங்கப் பணமில்லாமல் தவித்தபோது, அதன் ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008-09இல் மைதானம் பாழடைந்து நின்றபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து, சிமென்ட் குழைத்து, படிக்கட்டு கட்டினார்கள். 2019இல் அந்தக் கிளப் ஜெர்மனியின் முதல் பிரிவுக்கு ஏறியது. 2023இல் சாம்பியன்ஸ் லீக் ஆடியது. அவ்வளவு தூரம் ஏன், கொல்கத்தாவுக்குப் போங்கள். 1889இல் தொடங்கிய மோகன் பகானில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020இல் பெரிய நிறுவனம் ஒன்று வந்து கால்பந்து அணியின் 80 விழுக்காட்டை எடுத்துக்கொண்ட பின்பும், மீதி 20 விழுக்காடு பழைய கிளப்பிடமே இருந்தது.

நம்மால் முடிந்த கணக்கைப் போடுவோம். இரண்டாயிரம் பேர், ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். ஆண்டுக்கு 24 லட்சம். முன்னணி வெளிநாட்டு வீரர் ஒருவரின் சம்பளத்துக்கு இது காணாது, தெரியும். நாம் கிளப்பை விலைக்கு வாங்கப் போவதாக நான் சொல்லவும் இல்லை. ஆனால் அடுத்த முறை ஆட்டம் நின்றால், துணி துவைப்பவருக்கும் மைதானப் பணியாளருக்கும் சில மாதம் கைகொடுக்க இது போதும். சிறுவர் அணியின் பஸ்ஸுக்கும் பூட்டுக்கும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2,000 பேர் பெயரும் சந்தா ரசீதும் உள்ள பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிர்வாகத்தின் முன் உட்கார்ந்தால், பேச்சின் தொனியே மாறும்.

போய்க் கேட்க வேண்டியவையும் தெளிவாக இருக்கட்டும். பணம் நின்றால் யாருடைய சம்பளம் கடைசியில் நிற்கும் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரிசையில் அடிமட்டப் பணியாளர்கள் இருக்க வேண்டும். கிளப்பின் பெயர், சின்னம், நிறம், ஊர் ஆகிய நான்கையும் ரசிகர் அமைப்பைக் கேட்காமல் மாற்றக் கூடாது. நிர்வாகக் கூட்டத்தில் நம் பிரதிநிதி ஒருவர் உட்கார வேண்டும், ஓட்டு இல்லாவிட்டாலும் காதாவது இருக்கட்டும். மாநில அரசிடமும் கேட்போம். நம் ஆட்டம் நடக்கும் சென்னை நேரு மைதானம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஊர்க் கிளப் தத்தளிக்கிற ஆண்டில் வாடகையில் சலுகை காட்டுவது பொதுச் சொத்தைப் பொதுமக்களுக்குப் பயன்படுத்துவதுதான்.

கால்பந்து வடசென்னை ஆட்டம், மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் இதில் என்ன வேலை என்று ஒரு பேச்சு உண்டு. வியாசர்பாடி கொடுத்ததை யாராலும் மறுக்க முடியாது. தன்பால் கணேஷும் நந்தகுமாரும் அங்கிருந்துதான் இந்திய அணிவரை போனார்கள். அதனாலேயே கேட்கிறேன்: ஆட்டக்காரர்களை அவர்கள் கொடுத்தார்கள், நாம் எதைக் கொடுத்தோம்? ஆடிட்டரும் வக்கீலும் வங்கி அதிகாரியும் நிறைந்த பேட்டை இது. சங்கம் பதிவு செய்யவும் கணக்கு தணிக்கை செய்யவும் கோரிக்கை மனு எழுதவும் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்வோம், செயற்குழுவில் பாதி இடம் வடசென்னைக்கு என்று முதல் விதியிலேயே எழுதுவோம்.

நம் பக்கத்திலும் ஆட்டம் இல்லாமல் இல்லை. சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு இறங்கிப் பாருங்கள். அலை பின்வாங்கி ஈர மணல் இறுகிக் கிடக்கும் இடத்தில் நான்கு செருப்பு இரண்டு கோல் போஸ்ட் ஆகியிருக்கும். குப்பத்துப் பையன்கள் வெறுங்காலில் ஆடுவார்கள். ஒருவன் போட்டிருக்கும் நீலச் சட்டை அவன் அண்ணனுடையது, முட்டிவரை தொங்கும், முதுகில் மென்டோசா என்ற எழுத்து பாதி உரிந்திருக்கும். மென்டோசா கோல் அடித்தபோது அவன் பிறந்தே இருக்க மாட்டான். டர்ஃபுக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்க அவன் வீட்டில் பணமில்லை. அவனைப் பார்க்க எந்த முதலாளியும் வரப்போவதில்லை, போக வேண்டியது நாம். உறுப்பினர் சந்தாவில் முதல் பங்கு இந்த மாதிரிப் பையன்களுக்கு பந்தும் பூட்டும் பயிற்சியும் கொடுக்கப் போக வேண்டும் என்பது என் கட்சி.

நம் ரசிகர் குழுக்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸ் தோழர்களே, சூப்பர் மச்சான்ஸ் தோழர்களே! மேளமும் பேனரும் உங்களுடையது, இத்தனை ஆண்டு கேலரியைக் கட்டிக் காத்தது நீங்கள். உங்கள் பெயரும் கொடியும் அப்படியே இருக்கட்டும். யார் பெரியவர் என்ற பழைய பேச்சை மட்டும் இந்த ஒரு பருவத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

இந்த முறை ஒரு சுற்றுதான், 14 அணிக்கும் சேர்த்து மொத்தம் 91 ஆட்டம். நமக்குச் சொந்த ஊரில் கிடைப்பது ஆறோ ஏழோ. ஒன்றைக்கூடத் தவற விடாதீர்கள். ஓசி பாஸ் கேட்டு யாருக்கும் போன் செய்யாதீர்கள், காசு கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். திருவான்மியூர், கஸ்தூரிபா நகர், திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் பார்க் டவுன். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் பார்க். இரண்டிலிருந்தும் மைதானம் நடக்கிற தூரம். பக்கத்து வீட்டுப் பையனையும் பெண்ணையும் கூட்டி வாருங்கள். ஐ.எஸ்.எல். இல்லாத வாரத்தில் சென்னை லீக் ஆட்டத்துக்குப் போங்கள். கைதட்ட ஆளில்லாத மைதானத்தில் நாளைய எட்வின் ஒருவன் ஆடிக்கொண்டிருப்பான்.

சங்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஏழே பேர்! விதிமுறை வரைவு தயாராக இருக்கிறது, படித்துத் திருத்த வக்கீல் தோழர்கள் வேண்டும். கணக்குப் பார்க்க ஆடிட்டர் ஒருவர் வேண்டும், நம் கிளப்பில் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். மாதக் கணக்கை மாதம் முடிந்த முதல் வாரத்திலேயே எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம், நூறு ரூபாய் கொடுத்த யார் வேண்டுமானாலும் ரசீதுக் கட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரை, ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்கு முன்னால் கூடுவோம். நீலச் சட்டையில் வாருங்கள். ஆதார் நகலும் முகவரிச் சான்றும் முதல் மாதச் சந்தாவும் எடுத்து வாருங்கள். முதல் ஏழு கையெழுத்தை அங்கேயே வாங்கி, திங்கட்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் மனுவைக் கொடுக்கிறோம்.